ஒரு பெயர், ஓர் உடைமையாளர்: இணைய முகவரியும் நீதிமன்றச் சொற்பிறப்பியலும்

மும்பையின் துறைமுக ரயில் வழித்தடத்தில் செம்பூருக்கும் மான்கூர்டுக்கும் இடையே உள்ள கோவண்டியில் ஒரு முருகன் ஸ்டோர்ஸ் இருக்கலாம். தாராவியில் ஒன்றும் மாட்டுங்காவில் மற்றொன்றும் இருக்கலாம். தெருவும் வாடிக்கையாளரும் வேறாதலால் பெயர்கள் மோதிக்கொள்வதில்லை. வணிகச்சின்னச் சட்டமும் பொருளின் வகைக்கேற்ப ஒரே பெயரைப் பலர் ஆள இடமளிக்கிறது. இணைய முகவரிக்கு அந்தத் தாராளம் கிடையாது. ஓர் எழுத்துத்தொடருக்கு உலகம் முழுமைக்கும் ஒரே உடைமையாளர், முந்தியவருக்கே உரிமை.

இப்பஞ்சத்திற்கு எழுத்து சார்ந்த காரணமும் உண்டு. 1987இல் வரையறுக்கப்பட்ட முகவரி முறை நடைமுறையில் 26 ரோமன் எழுத்துகள், 10 எண்கள், ஓர் இணைகோடு ஆகியவற்றுக்குள் அடங்கியது. ஒரு கூறின் உச்ச நீளம் 63. அகராதிச் சொற்கள் விரைவில் தீர்ந்தன. நிறுவனங்கள் புதுச்சொற்களை ஆக்கின. அவற்றின் சாயலில் வேறு பெயர்களும் முளைத்தன.

1999இல் மும்பை உயர் நீதிமன்றம் விசாரித்த ரெடிஃப் வழக்கு இதற்கு முதன்மைச் சான்று. மும்பை நிறுவனமான ரெடிஃப், ஓர் உயிரெழுத்து மட்டுமே மாறிய 'ராடிஃப்' என்னும் முகவரியை எதிர்த்தது. எதிர்த்தரப்பு, அது 'ராடிகல்', 'இன்ஃபர்மேஷன்', 'ஃப்யூச்சர்', 'ஃப்ரீ' என்னும் சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது என்றது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. இணையப் பெயர் வெறும் முகவரியன்று, வணிகச்சின்னத்திற்கு நிகரான பாதுகாப்புக்கு உரியது என்று கூறித் தடை விதித்தது.

சென்னையின் சத்யம் இன்ஃபோவே தன் பெயரிலிருந்து ஆக்கிய 'சிஃபி'க்கும் இதுவே நேர்ந்தது. 'சிஃபிநெட்' என்ற பெயரில், ஓர் எழுத்தை இரட்டித்துப் பதிவுசெய்த மற்றொரு நிறுவனம், தன் நிறுவனர் ஐவரின் பெயர் முதலெழுத்துகளே அப்பெயர் என்றது. பெங்களூரு உரிமையியல் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதனை நீக்கியது. உச்ச நீதிமன்றம் 2004 மே 6 அன்று தடையை மீட்டது.

இரு வழக்குகளிலும் சொற்பிறப்பு ஒரு தற்காப்பு வாதமாயிற்று. மொழியியலில் இது பழகிய நிகழ்வு: உருவம் முந்தி நிற்க, விளக்கம் பிந்தி வருகிறது. ஆனால் சட்டம் நோக்கியது பிறப்பையன்று, கேட்பவர் மயங்குவாரா என்பதை.

தமிழ் வணிகருக்குச் சிக்கல் இருமடங்கு. 'அழகு' என்பதை ரோமனில் எழுதும்போது ழகரத்திற்கு இரண்டு எழுத்தா, ஒன்றா? கோவண்டியை ரோமனில் எழுதினால் ண்டி, ந்தி வேறுபாடே மறைகிறது. எனவே ஒரு பெயருக்குப் பல எழுத்துருவங்கள். ஒன்றை வாங்கினால் ஏனையவை பிறருக்குத் திறந்தே கிடக்கும்.

2003இல் பிற எழுத்துகளை ரோமன் தொடராகக் குறியாக்கும் ப்யூனிகோடு நெறி வெளியானது. அதன்வழி 2010இல் '.இலங்கை', 2011இல் '.இந்தியா', '.சிங்கப்பூர்' என்னும் தமிழ் ஈறுகள் இணையத்தில் இடம்பெற்றன. திரையில் தமிழ் தெரிந்தாலும் அடியில் பயணிப்பது ரோமன் தொடரே. ழகரச் சிக்கல் தீர்ந்தது. ஆனால், தமிழில் எழுதினாலும் முருகன் ஸ்டோர்ஸ் என்னும் பெயர் ஓர் ஈற்றின் கீழ் மூன்று கடைகளில் ஒன்றுக்கே கிடைக்கும். எழுத்தை மாற்றலாம், ஒரு பெயருக்கு ஒருவர் என்னும் விதி மாறவில்லை.