மின்னோட்டக் கடத்தி மீதான காந்த விசை: சிங்கப்பூர்த் தடங்களில்

காந்தப்புலத்தில் வைத்த கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால், இரண்டுக்கும் செங்குத்தான திசையில் கம்பி தள்ளப்படும். புலத்துக்குக் குறுக்கே இருந்தால் தள்ளல் மிகுதி. புலத்தின் திசையிலேயே கிடந்தால் இல்லவே இல்லை. ஒரு டெஸ்லா புலத்தில் ஒரு ஆம்பியர் பாயும் ஒரு மீட்டர் கம்பிக்குக் கிடைப்பது ஒரு நியூட்டன், அதாவது ஏறத்தாழ 100 கிராம் எடை. அற்பம்தான். ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரும் பல சுற்றுக் கம்பியும் சேர்ந்தால் ரயிலே நகர்ந்துவிடும்.

மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதை ஆர்ஸ்டெட் 1820இல் கண்டார். மறு ஆண்டே ஃபாரடே, பாதரசத்தில் நுனி தோய்ந்த கம்பியைக் காந்தத்தைச் சுற்றி வரச் செய்தார். மோட்டாரின் கரு அதுதான்.

சிங்கப்பூர்த் தெருவில் இவ்விசை வேலைக்கு வந்தது 1905 ஜூலையில். நீராவி டிராம் 1894இலேயே நின்றுபோயிருந்தது. மின்சார டிராமுக்கான மின்நிலையம் தேக்காவை ஒட்டிய மெக்கன்சி சாலையில் எழுந்தது. 1906இல் ராஃபிள்ஸ் பிளேஸ் முதலிய இடங்களின் தெருவிளக்குகளுக்கும் அங்கிருந்தே மின்சாரம் போனது. சிராங்கூன் சாலையிலும் டிராம் ஓடியது. அக்கால டிராம்களுக்கு ஏற்றது தொடர்சுற்று நேர்மின்னோட்ட மோட்டார். அதில் சுழலும் கம்பிச்சுற்றில் பாயும் மின்னோட்டமே புலத்தையும் உண்டாக்குவதால், மின்னோட்டம் இரட்டித்தால் முறுக்குவிசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். நின்ற வண்டியைக் கிளப்ப வேண்டியது அதுதானே! ஆனால் ரிக்‌ஷாக்களின் போட்டியை இந்த இயற்பியலால் வெல்ல முடியவில்லை.

1926இல் டிராலி பஸ்கள் வந்தன. டிராம் மறு ஆண்டு விடைபெற்றது. டிராமுக்குத் தலைக்கு மேல் ஒரே கம்பி போதும், மின்னோட்டம் தண்டவாளம் வழியே திரும்பிவிடும். ரப்பர் சக்கர பஸ்ஸுக்கு அந்த வசதி இல்லை; ஆகவே இரண்டு கம்பிகள். 1962இல் அவையும் போயின.

அதன்பின் கால் நூற்றாண்டு டீசல்தான். 1987 நவம்பர் 7 அன்று பெருவிரைவு ரயில், தண்டவாளத்தின் அருகே ஓடும் மூன்றாம் தடத்தில் 750 வோல்ட் எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. 2003இல் திறந்த வடகிழக்குப் பாதையோ மேல்கம்பிக்கே திரும்பியது, 1,500 வோல்ட்டில். அதே திறனுக்கு மின்னோட்டம் பாதியாகும்; அதே கம்பியில் வெப்பமாக வீணாவது கால்பங்காகும். இதன் ரயில்களில் இருப்பது தூரிகை தேவைப்படாத தூண்டல் மோட்டார்: சுழலியின் கம்பிகளுக்கு வெளியிலிருந்து மின்னோட்டம் தருவதில்லை, சுழலும் புலமே அதைத் தூண்டிவிடுகிறது. தள்ளும் விசை பழைய விசைதான். 2015 டிசம்பர் முதல் வடகிழக்குப் பாதையின் லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் பாதையும் சேர்ந்துகொண்டது. அது 750 வோல்ட் மூன்றாம் தடத்தில் ஓடுகிறது. பாதை மாறும் பயணி மின்சாரம் வரும் வழியையும் மாற்றிக்கொள்கிறார்.