வெறுங்கைத் திருநீறும் புதுக்கோட்டைத் தீர்ப்பும்

ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் தொழில் ஊர்கள் சூழ்ந்த வட்டாரம் திருப்பத்தூர். அந்த ஊர் நீதிமன்றத்தில் வாதாடியவர், 1955-இல் ஊத்தங்கரையில் பிறந்த ஆர். பானுமதி. இரண்டு வயதிலே பேருந்து விபத்து தந்தையைப் பறித்தது. தாயார் வழக்குத் தொடுத்தார், வென்றார், நட்டஈடோ கைக்கு எட்டவில்லை! நடைமுறைச் சிக்கல்களாம்.

1988-இல் மாவட்ட நீதிபதியானார். 1997-இல் புதுக்கோட்டையில் அவர் முன் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் யார்? வெறுங்கையில் திருநீறு வரவழைத்த, வாயிலிருந்து இலிங்கம் கக்கிய பிரேமானந்தா! அடைக்கலமென அவரது ஆசிரமத்தில் வாழ்ந்த பெண்கள் பதின்மூவரைக் கற்பழித்தார், ஆசிரமவாசி ஒருவரைக் கொல்வித்தார் என்பது வழக்கு. அவதாரம் தவறு செய்யுமா என்றனர் பக்தர்கள். ஐதராபாத் ஆய்வுக்கூடமோ, ஒரு பெண்ணின் கருவை மரபணுச் சோதனையிட்டுத் தந்தை இவரே என்றது. இலிங்கம் கக்கியவருக்கு, அந்தச் சான்றை மறைக்கும் மந்திரம் தெரியாமற்போனது ஏனோ, நாம் அறியோம்! பேசத் துணிந்த அப்பெண்களின் சொல்லை நீதிபதி நம்பினார். இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்.

2005-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2014-இல் பானுமதியே அங்கு நீதிபதியானார், 2020-இல் ஓய்வுபெற்றார். 1950-இல் தோன்றிய அம்மன்றம் அறுபத்து நான்கு ஆண்டுகளில் கண்ட பெண் நீதிபதிகளில் அவர் ஆறாமவர். ஆறே பேர்!