தரைக்குள் இறங்கிய மின்கம்பி



பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து, வெளிமாநில நகரங்களில் அலுவலக மேசைகளின் முன் அமர்ந்தவர் நம்முள் பலர். அம்மேசைக்கு மின்சாரம் எவ்வழியே வந்து சேர்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. ஆயினும், ஓர் அலுவலகத்தில் யார் எங்கே உட்காருவது என்பதை மேலதிகாரி தீர்மானிப்பதைக் காட்டிலும் பிளக் பாயிண்ட் தீர்மானிப்பதே மிகுதி. இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

கல்கத்தாவில் 1899ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அலுவலகங்களுக்குள் நுழைந்த மின்சாரத்துக்கு அந்நாளில் இரண்டே வேலைகள்: விளக்கு, விசிறி. இரண்டும் கூரையைச் சேர்ந்தவை. அதற்கு முன்னும், வராந்தாவில் அமர்ந்து ஓர் ஏழை கயிற்றை இழுக்க, உத்தரத்தில் தொங்கிய பங்கா அசைந்துகொண்டிருந்தது. அவனுடைய கயிறு போன வழியிலேயே கம்பியும் போயிற்று எனலாம். சுவரில் மரச் சட்டம் அடித்து, அதன்மீது கம்பியை ஏற்றினர். தரை வெறுமையாகவே இருந்தது. சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்று வடக்கே ரயிலேறிய தமிழ் இளைஞர்களுக்குச் சோறு போட்ட டைப்ரைட்டரும் விரல் வலிமையால் இயங்கியதேயன்றி மின்சாரத்தை நாடவில்லை.

செருகி எடுக்கும் பிளக் என்பதே பின்னர் வந்த பொருள். அமெரிக்காவில் ஹார்வி ஹப்பெல் என்பார் 1904இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் கருவிகளை விளக்கு மாட்டும் ஹோல்டரிலேயே பொருத்துவது வழக்கம். நம் வீடுகளிலும் பல்பைக் கழற்றிவிட்டு இஸ்திரிப் பெட்டியை மாட்டிய காலம் நெடுநாள் நீடித்தது. பிரிட்டனில் 1934இல் தரம் வகுக்கப்பட்ட உருண்டை முள் பிளக், 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்னும் அளவுகளில் இந்நாட்டில் வேரூன்றியது. பிரிட்டன் 1947இல் தட்டை முள்ளுக்குத் தரம் வகுத்தது. அவர்கள் இங்கிருந்து புறப்பட்ட அதே ஆண்டு! நாமோ உருண்டை முள்ளை விடவில்லை. இன்று அதன் அளவை 6, 16 என்று குறிக்கிறோம்.

தரையில் கம்பியைப் புதைக்கும் தேவை அமெரிக்காவின் உயர்ந்த கட்டிடங்களில் எழுந்தது. அங்கே கூடங்கள் அகன்றன. மேசைகள் சுவரைவிட்டு வெகுதூரம் விலகின. தொலைபேசிக்கும் கணக்கிடும் இயந்திரத்துக்கும் கம்பி எப்படியேனும் நடுக்கூடத்தை அடைந்தாக வேண்டும். எனவே கான்கிரீட்டினுள் இரும்புக் குழல்களைப் பதித்து, இடையிடையே மூடியிட்ட வாய்களை விட்டனர்.

பின்னர்க் கணிப்பொறி வந்தது. பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் தாமே உருவாக்கிய டிஃப்ராக் 1960இல் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. அக்குழுவை வழிநடத்திய ஆர். நரசிம்மன் சென்னையில் பிறந்தவர் என்பதை நாம் சற்றே பெருமையுடன் குறிப்பிடலாம். அக்காலத்துப் பெரும் கணிப்பொறிகளுக்குக் கட்டுக் கட்டாகக் கம்பிகளும் குளிர்ந்த காற்றும் வேண்டியிருந்தன. ஆகவே உலகின் பல கணிப்பொறி அறைகளில் உண்மைத் தரைக்குமேல் கால்கள் நிறுத்தி, கழற்றக்கூடிய பலகைகளால் இரண்டாம் தரை ஒன்று போடப்பட்டது. 1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ஈதர்நெட் பிறந்தது. 1990இல் அதனைத் தொலைபேசிக் கம்பி போன்ற முறுக்கிய இணைக்கம்பியில் செலுத்துவதற்குத் தரம் அமைந்தது. இவற்றால் அவ்விரண்டாம் தரையின் தேவை சாதாரணக் குமாஸ்தாவின் மேசைவரை வந்துவிட்டது. மின்சாரம் ஒன்று, செய்தி ஒன்று என இரு கம்பிகள் ஒவ்வொரு நாற்காலிக்கும் வேண்டும் என்றாயிற்று.

இங்கேதான் தேர்வு கடினமாகிறது. புதுக் கட்டிடமானால் இரண்டாம் தரை போடலாம். மேசை நகர்ந்தால் பெட்டியும் நகரும். பழைய கட்டிடத்தில் அவ்வாறு தரையை உயர்த்தினால் வாசற்படியும் கதவும் தடுக்கும். மொசெய்க் தளத்தை வெட்டிப் பெட்டி பதிக்கப் புகுந்தால், கான்கிரீட்டினுள் உள்ள கம்பியை அறுத்துவிடும் அபாயம் உண்டு. பொறியாளரைக் கேளாமல் உளியை எடுக்கலாகாது. மின்கம்பியும் செய்திக் கம்பியும் ஒரே குழலில் ஒட்டிச் செல்லலாகாது. நடுவே தடுப்பு வேண்டும். செய்திக் கம்பியின் நிலையான பகுதி 90 மீட்டரைக் கடத்தலும் கூடாது.

இவற்றையெல்லாம் வெளிநாட்டு விலைப்பட்டியலே சொல்லிவிடும். அது எளிதில் சொல்லாத ஒன்று, நம் நாட்டு வாளியும் ஈரத்துணியும். இங்கே அலுவலகத் தரையை நாள்தோறும் தண்ணீர்விட்டுத் துடைக்கின்றனர். கம்பளம் விரித்த உலர்ந்த கூடத்துக்கென வார்த்த பெட்டியின் மூடி, வயர் வெளிவரும் இடுக்கின் வழியே அத்தண்ணீரை உள்ளே விட்டுவிடும். மூடியிருக்கையில் நீர் புகாத பெட்டியும், வயர் செருகியிருக்கையில் அவ்வாறே இருக்கும் என்று நம்பலாகாது. வெறுங்காலுடன் துடைப்பவருக்கு அங்கே காத்திருப்பது உயிராபத்து. ஆதலின் ஈரத் தரைக்கென்றே விளிம்பு உயர்த்தி வார்த்த மூடியும், சரியான எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் இல்லாமல் தரைப்பெட்டி வைக்கலாகாது என்பது நமது உறுதியான கருத்து. அதற்குப் பணமில்லையெனில் மேசைகளைச் சுவரோரம் தள்ளிப்போடுவதே மேல். காட்சி அழகு சற்றுக் குறையும், அவ்வளவே.

நாம் கண்ட ஓர் அலுவலகத்தில் பெட்டிகள் அனைத்தும் நடைவழியில் அமைந்துவிட்டன. நாற்காலிகளின் வரைபடம் வருமுன்பே தளம் போட்டதன் விளைவு அது. மூடிகளின்மீது மிதியடி போட்டு மறைத்துவிட்டு, சுவரிலிருந்து நீட்டிப்பு வயர் இழுத்தனர். அதைத் தாண்டித் தாண்டியே ஊழியர் பல ஆண்டுகள் நடந்தனர்.

இன்று கம்பியில்லாச் செய்தி வந்தமையால் இரு கம்பிகளுள் ஒன்று மறையத் தொடங்கியுள்ளது. மற்றொன்று மறையவில்லை. மடிக்கணினியின் மின்கலம் தீரும் பிற்பகல் வேளையில், சார்ஜரைக் கையில் பிடித்தபடி மேசைக்கடியில் குனிந்து துளை தேடுவோரை எந்த அலுவலகத்திலும் காணலாம்.