கையெழுத்தும் முத்திரையும்

டாமரிண்ட் என்ற அமெரிக்கப் பட்டறையில் அச்சான ஒரு கல்லச்சுப் படத்தின் அடியோரத்தை வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பிடித்தால், மை இல்லாமல் காகிதத்தில் அழுத்தியெடுத்த இரண்டு சிறு முத்திரைகள் தென்படும். ஒன்று பட்டறையுடையது. இன்னொன்று அந்தப் படத்தை அச்சிட்டவருடையது. ஓவியரின் பென்சில் கையெழுத்து தனியே இருக்கும். வரைந்தவர் ஒருவர், அச்சிட்டவர் வேறொருவர் என்பதை அந்தக் காகிதமே சொல்லிவிடுகிறது. சிற்பியும் பதிப்போவியருமான கிருஷ்ண ரெட்டி கற்பித்த வழியில் இந்த இரண்டாமவர் கிடையாது. தகட்டைச் செதுக்கியவரே மை பூச வேண்டும். அவரே பிரெஸ்ஸின் சக்கரத்தைச் சுற்ற வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் பதிப்போவியம் படிக்க வருகிறவர் எதைக் கற்க வேண்டும் என்ற கேள்விக்குக் கிடைத்த தீர்க்கமான இரண்டு விடைகள் இவை. இரண்டும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நிலைபெற்றவை. இரண்டுக்கும் சென்னையோடு தொடர்பு உண்டு.

டாமரிண்ட் ஒரு குறையிலிருந்து பிறந்தது. 1950களில் ஜூன் வெய்ன் என்ற ஓவியருக்கு, தன் கல்லச்சுப் படங்களை மனத்தில் நினைத்தபடி அச்சிட்டுத் தர அமெரிக்காவில் ஆள் கிடைக்கவில்லை. பாரிசுக்குப் போய் அங்குள்ள அச்சு வல்லுநரோடு வேலை செய்தார். ஓவியர்களுக்குப் பஞ்சமில்லை, அச்சிடுகிறவர்கள்தான் அருகிவிட்டார்கள் என்பது அவருக்குப் புரிந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியோடு 1960இல் லாஸ் ஏஞ்சலிஸின் டாமரிண்ட் அவென்யூவில் பட்டறையைத் திறந்தார். 1970இல் அது ஆல்புகர்க்கியில் உள்ள நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அதன் பயிற்சித் திட்டம் உருவாக்குவது ஓவியரை அல்ல, அச்சிடுகிறவரை. ஓராண்டு பயின்றவர்களில் மிகச் சிலரையே அடுத்த ஆண்டுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களே 'மாஸ்டர் பிரிண்டர்' என்ற தகுதியை எட்டுகிறார்கள்.

அந்தப் பயிற்சியின் கடுமை கல்லைத் தேய்க்கும்போதே தொடங்கிவிடும். பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல் அது. முந்தைய படத்தின் எண்ணெய்ப் பசை முழுதும் போகும்வரை கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் இட்டு, கனத்த இரும்பு வட்டைச் சுழற்றிச் சுழற்றித் தேய்க்க வேண்டும். பரும்பொடி முதலில், நைஸ் பொடி கடைசியில். நடுவில் கழுவும்போது பரும்பொடியின் ஒரு துகள் தங்கிவிட்டால் போதும், அது போட்ட கீறல் படத்தில் விழும். பிறகு ஓவியர் வந்து பசையுள்ள கிரேயானால் வரைந்துவிட்டுப் போவார். அரபிக் கோந்தில் நைட்ரிக் அமிலத்தை எத்தனை சொட்டு சேர்ப்பது, அதை எந்த இடத்தில் எவ்வளவு நேரம் விடுவது என்பதெல்லாம் அச்சிடுகிறவர் பொறுப்பு. அமிலம் கூடினால் மெல்லிய சாம்பல் தடங்கள் அழிந்துபோகும். குறைந்தால் கரிய இடங்கள் மை அடைத்துத் திட்டாகும். அடுத்தவர் வரைந்ததை இவ்வளவு கவனமாகப் பார்க்கும் கண்ணை வேறெந்த வகுப்பும் தருவதாக எனக்குத் தெரியவில்லை. லூயிஸ் நெவெல்சன் போன்ற மரச்சிற்பி 1963இல் அங்கே போய்க் கல்லச்சுப் படங்கள் செய்ய முடிந்ததற்கு, அப்படிப் பழகிய கைகள் பக்கத்தில் இருந்ததுதான் காரணம்.

ஓவியர் சரி என்று ஒப்புதல் எழுதிய பிரதிதான் அங்கே அளவுகோல். அதிலிருந்து விலகிய பிரதிகளைக் கழித்துவிடுவார்கள். என்ன காகிதம், என்ன மை, எத்தனை பிரதி என்று ஒவ்வொரு பதிப்புக்கும் பதிவு எழுதி வைப்பார்கள்.

கிருஷ்ண ரெட்டி வந்த பாதை வேறு. 1925இல் ஆந்திரத்தின் சித்தூர் வட்டாரத்தில் பிறந்தவர். சாந்திநிகேதனில் படித்துவிட்டுச் சென்னைக் கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். அதன் பின் லண்டனிலும் பாரிசிலும் சிற்பம் பயின்றார். ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் 1927இல் பாரிசில் தொடங்கிய 'அத்தெலியே 17' பட்டறையில் சேர்ந்து, பின்னாளில் அதன் இணை இயக்குநரானார். 1970களின் பிற்பகுதியிலிருந்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பதிப்போவியம் கற்பித்தார். அவர் சிற்பி என்பது முக்கியம். உலோகத் தகடு அவருக்குப் படம் வரையும் பரப்பு அல்ல, மேடும் பள்ளமுமாகக் குடைந்தெடுக்கும் புடைப்புச் சிற்பம்.

அந்த மேடு பள்ளங்களை வைத்தே ஒரே தகட்டில், ஒரே அழுத்தில் பல நிறங்களை எடுக்கும் முறை ஹேட்டரின் பட்டறையில் வளர்ந்தது. ரெட்டிக்கும் அங்கே வேலை செய்த கைக்கோ மோத்தி என்ற கலைஞருக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆழமான கோடுகளில் மையை அடைத்துத் துடைத்த பின், ஆளிவிதை எண்ணெய் விட்டு இளக்கிய மையைக் கடினமான உருளையால் உருட்டினால் அது மேட்டில் மட்டும் படியும். அடுத்து, கெட்டியான வேறு நிற மையை மென்மையான உருளையால் அழுத்தி உருட்ட வேண்டும். உருளை பள்ளத்துக்குள் இறங்கி அங்கே நிறத்தை விட்டு வரும். மேட்டில் ஏற்கெனவே உள்ள இளகிய மை கெட்டி மையைத் தன்மேல் ஒட்டவிடாது. நிறங்கள் கலந்து சேறாகாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது இதனால்தான். ரெட்டியின் 'சுழல்', 'மாபெரும் கோமாளி' போன்ற படங்களின் நிறங்கள் இப்படி வந்தவை.

இந்த வேலையை இன்னொருவரிடம் ஒப்படைப்பது எளிதல்ல. அமிலம் எவ்வளவு அரித்தது, உருளை எவ்வளவு இறங்கும் என்பதைத் தகட்டைக் குடைந்த கை அறிந்திருக்கிறது. அடுத்த குடைவு எங்கே என்பதை முதல் பிரதியைப் பார்த்த பிறகே முடிவு செய்ய முடியும். சாந்திநிகேதனில் சோம்நாத் ஹோர் 1971 முதல் செய்த 'காயங்கள்' தொடரும் எனக்கு இதே பக்கத்துக்குச் சாட்சி. களிமண் பலகையைக் கத்தியால் கீறி, அதிலிருந்து சிமென்ட் அச்சு எடுத்து, அதில் காகிதக் கூழை அழுத்தினார். வெள்ளைக் காகிதத்தில் வெறும் காயம் மட்டும். வங்கப் பஞ்சத்தை நேரில் கண்டு வரைந்த மனிதரின் கை அது; அங்கே இன்னொருவரை அமர்த்த முடியாது.

ஆகவே இளங்கலை மாணவருக்கு ரெட்டியின் வழியே முதலில் வேண்டும் என்பேன். என்ன படம் செய்யப்போகிறோம் என்று இன்னும் தெரியாத வயதில் தகடுதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. டாமரிண்டின் மேசையில் அந்த வயதில் நின்றால், சொந்தப் படம் பிறக்கும் முன்பே கை அடுத்தவருக்குப் பழகிவிடும்.

ஆனால் நம் கலைக் கல்லூரிகளில், மாணவரே செதுக்கி மாணவரே அச்சிடும் ஏற்பாட்டுக்குள், டாமரிண்டின் பாதி அப்படியே விடுபட்டுப் போகிறது. பத்துப் பிரதி என்று எண் எழுதிவிட்டு இரண்டு மூன்றோடு நிறுத்துகிறார்கள். ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. எந்த மை, எவ்வளவு எண்ணெய் என்று எழுதி வைப்பதும் அரிது. நன்றாக வந்த ஒரு பிரதியை மறுபடி எடுக்க முடியாமல் போவது சின்ன இழப்பல்ல. தேவகோட்டையில் 1957இல் பிறந்த ஆர்.எம். பழனியப்பன், சென்னை அரசு கலைக் கல்லூரியில் படித்துவிட்டு டாமரிண்டிலும் கல்லச்சு பயின்றவர். பறத்தலையும் அதன் பாதையையும் கோடாக்கும் அவருடைய படங்களில் எனக்குத் தெரிவது, தேடலும் கட்டுப்பாடும் ஒரே கைக்குள் அடங்கும் என்பதுதான்.

முதுகலையில் ஒரு பருவத்தையாவது, வகுப்புத் தோழர் செதுக்கிய தகட்டை இன்னொருவர் அச்சிட்டுத் தரும்படி மாற்றி வைக்கலாம். செதுக்கியவர் சரி என்னும்வரை அச்சிட்டவர் மேசையை விட்டு நகரக் கூடாது. செலவு அதிகமாகாது, இருக்கும் பிரெஸ்ஸே போதும். கூடவே மை, எண்ணெய் அளவுகளைக் குறித்துவைக்க ஒரு நோட்டு வேண்டும். வெயில் ஏறினால் மை தானாக இளகும். நியூயார்க்கின் ஜனவரியில் எழுதிய எண்ணெய் அளவு சென்னையின் மே மாதத்துக்கு உதவாது. இந்த ஊருக்கான அளவை இங்கே உருளை பிடிக்கும் மாணவர்களே எழுத வேண்டும்.