கடலுக்குத் திறந்து நிலத்துக்கு மூடிய முனை: ஹெங்கிஸ்ட்பரி மதில் யாருக்காக எழுந்தது?

லண்டனுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 160 கி.மீ. தொலைவில், டார்செட் கரையில், ஹெங்கிஸ்ட்பரி ஹெட் என்னும் நிலமுனை கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. தெற்கே ஆங்கிலக் கால்வாயின் திறந்த கடல். வடக்கே ஸ்டவர், ஏவன் ஆகிய இரண்டு ஆறுகளும் வந்து சேரும் கிறைஸ்ட்சர்ச் கழிமுகம். ஆழம் குறைந்தது, அலை அடங்கியது. முனையின் கழுத்தை வடக்குத் தெற்காக அறுத்துக்கொண்டு இரண்டு மண்மதில்களும் இரண்டு அகழிகளும் ஓடுகின்றன. 'இரட்டை அகழி' என்று பெயர் பெற்ற இந்த இரும்புக்கால அமைப்பை வைத்தே தொல்லியலாளர் இம்முனையை முனைக்கோட்டைகளின் வரிசையில் சேர்த்தனர். மதில் இருந்தால் பகை இருந்திருக்கும் என்ற எளிய கணக்கு அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் கணக்கு இங்கே பொருந்தவில்லை என்பதே என் வாதம். இம்மதில் முதன்மையாகப் போருக்காக எழுந்ததன்று. உள்ளே வருவோரை எண்ணவும், உள்ளே கொண்டுவரப்பட்டோரை வெளியே விடாதிருக்கவும் எழுந்தது.

முதல் சான்று மதிலின் திசை. நிலத்தை நோக்கி இரட்டை அரண். துறையை நோக்கி ஏதுமில்லை. கழிமுகத்தின் கரை படகு ஏற்றுவதற்கென்று சரளை பரப்பிச் செப்பனிடப்பட்டிருந்தது. வெளியூர்ப் படகு வந்து ஒதுங்கும் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, சொந்த நாட்டு மக்கள் நடந்து வரும் பக்கத்தை மட்டும் அடைத்த ஒரு குடியிருப்பு யாருக்கு அஞ்சியது? கடல்வழி வந்தவனுக்கு அஞ்சவில்லை என்பது மட்டும் உறுதி.

இங்கு முறையான அகழாய்வை 1911-12இல் நடத்தியவர் புஷ்-ஃபாக்ஸ். லண்டன் தொல்பொருளறிஞர் கழகம் 1915இல் அவருடைய அறிக்கையை வெளியிட்டது. பிறகு 1979 முதல் 1984 வரை பேரி கன்லிஃப் தோண்டினார். இவ்விரு ஆய்வுகளிலும் கிடைத்த பொருள்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு சந்தையின் சரக்குப் பட்டியல் போலவே இருக்கிறது. இத்தாலிய மது வந்த ஆம்போரா சாடிகள், பிரான்ஸின் பிரிட்டனி தீபகற்பத்தில் வனைந்த கருமட்கலங்கள், மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வந்த ஊதா, மஞ்சள் நிறக் கண்ணாடிக் கட்டிகள், அத்திப்பழ விதைகள். உள்ளூர்த் தொழிலுக்கும் தடயங்கள் உண்டு: செம்பிலிருந்து வெள்ளியைப் பிரித்த உலைக்கழிவு, இரும்பு வேலை, அருகிலுள்ள கிம்மரிட்ஜ் கருங்களிப்பாறையைக் கடைந்து செய்த வளையங்கள், உள்ளூர்க் குடியினரான டுரோட்ரிகஸ் மக்களின் காசுகள்.

ஆம்போராவைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஹெங்கிஸ்ட்பரியில் மிகுதியாகக் கிடைப்பது டிரெசல் 1ஏ என்னும் வகை. அதன் உடன்பிறப்பான 1பி வகையில் ஐந்து சாடிகள், 1965இல் வெல்வின் கார்டன் சிட்டியில் திறக்கப்பட்ட ஒரு பிரபுவின் புதைகுழியிலிருந்து வந்து, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். கனத்த சுவர், நீண்ட கழுத்து, தானாக நிற்க முடியாத கூரிய அடி. வெறும் சாடியே 25 கிலோ அளவு கனக்கும். உள்ளே கொள்ளும் மதுவும் கிட்டத்தட்ட அதே எடை. இதைத் தோளில் சுமந்து உள்நாட்டுக்கு நடப்பது வீண்வேலை. படகில் ஏற்றி ஆற்றின் எதிர்த்திசையில் கொண்டுபோவதுதான் வழி. ஏவன் ஆறு சாலிஸ்பரி சமவெளி வரை அழைத்துச் செல்லும்.

என் வாதத்துக்கு எழும் வலுவான மறுப்பும் இங்கேதான் இருக்கிறது. சரக்கு ஆற்றுவழியே போகும் என்றால் கழுத்தில் கட்டிய மதில் எந்தச் சுங்கத்தைப் பிடித்தது? படகுக்காரன் அதைத் தொடவே வேண்டியதில்லையே.

விடை ஏற்றுமதியில் இருக்கிறது. பிரிட்டனிலிருந்து வெளியே போனவை என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ தரும் பட்டியலில் தானியம், பொன், வெள்ளி, இரும்பு, தோல் ஆகியவற்றோடு மாடுகள், அடிமைகள், வேட்டை நாய்கள் என்ற மூன்றும் வருகின்றன. இந்த மூன்றும் கால்நடையாக வருபவை. மாட்டு மந்தையும் மனிதக் கூட்டமும் துறைக்கு நடந்து வந்தால் கழுத்தைக் கடந்தே ஆகவேண்டும். மதில், அகழி, ஊடே ஒரு வாயில்: எண்ணுவதற்கும் வரி வாங்குவதற்கும் இதைவிட ஏற்ற அமைப்பில்லை. உள்ளே நுழைந்தபின் தெற்கே செங்குத்துக் கரை, வடக்கே நீர், மேற்கே அகழி. மந்தைக்கு அது பட்டி; விலங்கிட்ட மனிதருக்கு அது சிறை.

இதை எழுதும்போது கை தயங்குகிறது. ஆனாலும் எழுதியாக வேண்டும். இன்றைய பிரான்ஸை உள்ளடக்கிய கால் நாட்டு வணிகத்தில் ஒரு சாடி மதுவுக்கு ஓர் அடிமை கைமாறியதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதியிருக்கிறார். வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் லின் கெரிக் பாக்கிலும், கெண்ட் பகுதியில் பிக்பரியிலும் கிடைத்த இரும்புக் கழுத்துச் சங்கிலிகள் பலரை ஒரே வரிசையில் பிணைக்கச் செய்தவை. சாடி உடைந்தால் ஓடு மிஞ்சுகிறது. அதற்கு ஈடாகப் போன மனிதர் மண்ணில் எதையும் விட்டுச் செல்வதில்லை. அதனால்தான் நம் அறிக்கைகளில் மதுவுக்குப் பல பக்கங்களும் அடிமைக்கு ஒரு வரியும் கிடைக்கின்றன. சான்றின் இந்தச் சமனின்மையை நிகழ்வின் சமனின்மையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சுங்கம் என்பதும் வெறும் ஊகமன்று. பிரிட்டனிக் கரையின் வெனெட்டி மக்கள் அந்தக் கடலில் வந்துபோகும் ஏறத்தாழ அனைவரிடமும் வரி வாங்கினர் என்று ரோமானியத் தளபதி சீசரே தம் கால் போர்க் குறிப்புகளின் மூன்றாம் நூலில் சொல்கிறார். அவர்களுடைய ஊர்கள் நிலமுனைகளின் நுனியில் இருந்ததையும் அவர் அங்கேயே விவரிக்கிறார்: கடல் ஏறினால் காலாட்படை நெருங்க முடியாது, வற்றினால் கப்பல் தரைதட்டும். ஹெங்கிஸ்ட்பரியின் கருமட்கலங்களும் இதே பிரிட்டனி தீபகற்பத்திலிருந்து வந்தவை. முனையில் அமர்ந்து வரி வாங்கும் வழக்கத்தைக் கலங்களோடு வந்தவர்கள் அறிந்திருக்கக்கூடும்.

கி.மு. 56இல் சீசர் வெனெட்டியரை முறியடித்து, அவர்களின் அவையோரைக் கொன்று, மற்றவர்களை அடிமைகளாக விற்றார். அதன்பின் ஹெங்கிஸ்ட்பரி தளர்கிறது. 1பி வகைச் சாடிகள் தேம்ஸுக்கு வடக்கே எசெக்ஸ், ஹெர்ட்ஃபர்ட்ஷர் பகுதிகளில் பெருகுகின்றன. வெல்வின் புதைகுழி அந்தக் காலத்தது. வணிகத்தின் எடை தென்கரையை விட்டுத் தேம்ஸ் பக்கம் சாய்ந்தது. மதில் படையெடுப்பைத் தடுக்க எழுந்தது என்றால் சீசரின் காலத்தில்தான் அதற்கு மதிப்புக் கூடியிருக்க வேண்டும். வணிகம் விலகியதும் முனையும் ஒளி மங்கியது என்பது மதிலின் வேலை வேறு என்று காட்டுகிறது.

மதில் வணிகத்துக்கு முந்தியதாகவும் இருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். இருக்கட்டும். கழிமுகத்தின் எதிர்க்கரையும் உட்கரைகளும் இருக்க, பிற்கால வணிகர் மதிலுக்கு உள்ளே வந்து அமைந்ததற்குக் காரணம் வேண்டும். பழைய அரண் புதிய வேலைக்கு ஏற்றிருந்தது என்பதே அக்காரணம்.

போர்க் கண்ணாடி வழியாகவே இரும்புக்காலத்தைப் பார்க்கும் பழக்கத்தை வளர்த்தவர்களுள் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலருக்குப் பெரிய இடமுண்டு. லண்டன் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்தபோது, மனைவி டெஸ்ஸா வீலருடன் சேர்ந்து தொடங்கி, 1934 முதல் 1937 வரை இதே டார்செட்டில் மெய்டன் காசில் என்னும் மலைக்கோட்டையைத் தோண்டினார். கிழக்கு வாயிலில் கிடைத்த எலும்புக்கூடுகளை ரோமானியப் படை வெட்டிச் சாய்த்தவர்களின் இடுகாடு என்றார். 2025இல் போர்ன்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட புதிய காலக்கணிப்பு, அந்தச் சாவுகள் ஒரே நாளில் நிகழ்ந்தவை அல்ல, பல பத்தாண்டுகளில் பரவியவை என்று காட்டியது.

அதே வீலர்தான் 1945இல் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டுக்கு வந்தார். அங்கே அவர் கண்டது ரோமானிய வணிக நிலையம். இத்தாலியச் சிவப்பு மட்கலமும் ஆம்போராவும் தமிழகத் தொல்லியலுக்கு உறுதியான காலக்கணக்கைத் தந்தன; அந்தக் கடன் பெரியது. ஆனால் வந்த பொருளை வைத்தே ஊரை அளக்கும் பழக்கமும் அவரோடு வந்தது. 1989-92இல் விமலா பெக்லி நடத்திய அகழாய்வு, ரோமானியத் தொடர்புக்கு முன்னும் பின்னும் அரிக்கமேடு உள்ளூர் மக்களின் ஊராக வாழ்ந்ததைத் தெளிவாக்கியது.

தமிழகத் துறைகளில் இப்படிக் கழுத்தை வெட்டிய மண்மதில் எதையும் நான் இணை வைக்கவில்லை. இணை வைப்பது நிருவாகத்தை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கியதும் ஏறிப்போவதுமான மூட்டைகளுக்குச் சோழனின் புலிப்பொறி இட்டு, அளந்து, சுங்கம் கொண்டதைப் பட்டினப்பாலை விரித்துரைக்கிறது. எழுத்தும் முத்திரையும் கணக்கரும் இருந்த இடத்தில் பொறி போதும். எழுத்து வழங்காத கரையில் அந்த வேலையை மண்ணும் பள்ளமும் செய்தன. காவிரிப்பூம்பட்டினத்தை அடுத்த கீழையூரில் செங்கற் படகுத்துறையை வெளிக்கொணர்ந்த அகழாய்வு துறையின் நீர்ப்பக்கத்தை நமக்குக் காட்டியது. நிலப்பக்கம், அதாவது சரக்கும் ஆளும் ஊருக்குள் நுழைந்த வழி, இன்னும் உரிய கவனம் பெறவில்லை.

ஹெங்கிஸ்ட்பரியில் அவசரம் கூடுதல். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு சுரங்கக் குழுமம் கரையடியிலிருந்து இரும்புக்கற்களை அள்ளிக்கொண்டு போனது; அலையைத் தடுத்த அரணே போய்விட, முனை வேகமாக அரிக்கப்பட்டது. லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருப் பேரங்காடியின் உரிமையாளர் கார்டன் செல்ஃப்ரிட்ஜ் 1919இல் முனையை வாங்கி, மாளிகை கட்டத் திட்டமிட்டு, கட்டாமலே 1930இல் போர்ன்மத் நகராட்சிக்கு விற்றதால் தரை தப்பியது. இரட்டை அகழியின் தென்கோடி ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டது. இனி இங்கே தோண்டுவோர் முதலில் தேட வேண்டியவை வாயிலின் தரையில் குளம்பு மிதித்து இறுகிய மண்ணும், மதிலின் உட்புறத்தில் மந்தை நின்றதைச் சொல்லும் சாண உப்பும், அடைப்புகளுக்கு நட்ட கம்பக் குழிகளும்தான். அவை அங்கே இல்லையென்றால் என் வாதம் விழும். ஆம்போரா ஓடுகள் இன்னும் ஆயிரம் கிடைத்தாலும் அதைத் தாங்கிப் பிடிக்க முடியாது.