நம்பரைச் சொன்னால் காசு வரும்

2016 பெப்ரவரி முதல் வாரத்தில், நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கியில் பங்களாதேஷ் மத்திய வங்கி வைத்திருந்த கணக்கிலிருந்து காசை அனுப்பச் சொல்லி 35 கட்டளைகள் போயின. எல்லாம் சுவிஃப்ட் வலையமைப்பு வழியாக, முறைப்படி, சரியான கடவுச்சொற்களோடு. கூட்டினால் கிட்டத்தட்ட 951 மில்லியன் டொலர். அதில் ஐந்து கட்டளைகள் நிறைவேறிவிட்டன. நான்கு பிலிப்பைன்ஸுக்கு, 81 மில்லியன். ஐந்தாவது எங்கட நாட்டுக்கு. கொழும்பில் பான் ஏசியா வங்கியில் கணக்கு வைத்திருந்த ஷாலிகா பவுண்டேஷன் என்ற அமைப்புக்கு 20 மில்லியன் டொலர்.

அந்த 20 மில்லியன் கைமாறாமல் திரும்பிப் போனது. இலங்கையில் ஒரு சின்ன அமைப்புக்கு இவ்வளவு பெரிய தொகையா என்ற சந்தேகம் ஒன்று. ‘பவுண்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் களவெடுத்தவர்கள் பிழையாக எழுதியிருந்தது இன்னொன்று. இடையில் இருந்த டொய்ச்ச வங்கி விளக்கம் கேட்டது, பூனை வெளியே வந்தது.

இந்தக் கதையைச் சொல்லுறவை அனேகமா எழுத்துப் பிழையோட நிப்பாட்டிப்போடுவினம். சிரிக்க நல்ல இடம்தான். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது களவுக்கு ஓராண்டு முந்தி நடந்த ஒரு சின்ன விசயம். 2015 ஜனவரியில் பங்களாதேஷ் வங்கி ஊழியர்கள் சிலருக்கு ஒரு ஈமெயில் வந்தது. பணிவான கடிதம். உங்கள் நிறுவனத்தில் வேலை செய்ய ஆசைப்படுகிறேன், என் சுயவிபரக்கோவை இந்த லிங்கில் இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்ற மாதிரி. அமெரிக்க எஃப்பிஐ தயாரித்து 2018 இல் வெளிவந்த குற்றப் பத்திரம், அதை அனுப்பியவர்கள் வடகொரிய அரசுக்காக வேலை செய்த ஹேக்கர்கள் என்கிறது. ஊழியர்களில் ஒரு சிலர் அதைத் திறந்தார்கள். வேலை தேடுகிற ஒரு பெடியன் என்று இரக்கப்பட்டுக்கூடத் திறந்திருக்கலாம். மத்திய வங்கி ஒன்றின் கதவு அவ்வளவுதான்.

இதற்குப் பெயர் பிஷிங். மீன்பிடிக்கான ஆங்கிலச் சொல்லை வேண்டுமென்றே எழுத்து மாற்றி 1990களின் நடுப்பகுதியில் ஹேக்கர்கள் புழங்கத் தொடங்கிய சொல். அப்போது அமெரிக்காவில் ஏஓஎல் என்ற இணையச் சேவை பெரிசு. அதன் ஊழியர்கள் போல நடித்து, உங்கள் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், பாஸ்வேர்டைத் தாருங்கள் என்று பாவனையாளர்களைக் கேட்டார்கள், சனம் கொடுத்தது. 2000 ஆம் ஆண்டு பேபால் மாதிரியே ஒரு போலித் தளம் வந்தது. முகவரியில் கடைசி ‘எல்’ எழுத்துக்குப் பதிலாகப் பெரிய ‘ஐ’ எழுத்து. திரையில் இரண்டும் ஒரே கோடுதான். இணையத்தில் காசு கட்டும் கணக்குகளைக் குறிவைத்த ஆரம்பகாலத் தூண்டில்களில் அது ஒன்று. ஆனால் வித்தை அதைவிடப் பழசு. ஸ்பெயினில் சிறைப்பட்ட பணக்காரன் ஒருவனை மீட்கக் காசு தாருங்கள், பிறகு பங்கு தருகிறோம் என்று 19 ஆம் நூற்றாண்டிலேயே தபாலில் கடிதங்கள் வந்திருக்கின்றன.

ஏஓஎல் காலத்தில் வன்னி எப்பிடி இருந்தது? 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போனது. மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடை. வெளிநாட்டில் இருக்கிற மகனோடு கதைக்க வவுனியாவுக்குப் போய்க் கொமினிக்கேஷன் கடையில் காத்திருக்க வேண்டும், அதுவும் பாஸ் கிடைத்தால். உலகம் பாஸ்வேர்டைப் பறிகொடுத்துப் பழகிய அந்தப் பத்துப் பதினைந்து வருடமும் எங்களுக்குப் பாஸ்வேர்டே இல்லை.

எங்களுக்கு இருந்தது நம்பர்.

உண்டியலில் காசு வந்த முறையை நினைச்சுப் பாருங்கோ. கனடாவிலோ சுவிஸிலோ ஒருவரிடம் காசைக் கொடுத்தால், இங்கே இன்னொருவர் கொண்டுவந்து தருவார். ரசீது இல்லை, கையெழுத்து இல்லை. குரல், ஊர்ப்பெயர், சில இடங்களில் அடையாளத்துக்கு ஒரு ரூபாய் நோட்டின் இலக்கம். 2009க்குப் பிறகு வங்கிகள் திரும்ப வந்தன, வெஸ்டேர்ன் யூனியன் பலகைகள் தொங்கின. அதிலும் அதே பாடம்தான்: அனுப்பியவர் போனில் சொல்லும் 10 இலக்க நம்பரைத் துண்டில் எழுதிக்கொண்டு போய்க் கவுண்டரில் சொன்னால் காசு. அம்மம்மாமார் அந்தத் துண்டை அடையாள அட்டையோட சுத்தி இடுப்பில செருகிக்கொண்டு போவினம். ஒரு தலைமுறை முழுக்க இப்பிடித்தான் பழகியது: போன் வரும், நம்பர் வரும், நம்பரைச் சொன்னால் காசு வரும்.

ஓடிபி இதைத் தலைகீழாக்கிப்போட்டுது. அதுவும் போனில் வருகிற ஒரு நம்பர்தான். ஆனால் அதைச் சொன்னால் காசு போகும். இந்த மாற்றத்தை எங்கட பெரியாக்களுக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தவில்லை. வங்கிகள் ஆப்பை டவுன்லோட் பண்ணச் சொன்னார்கள், கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ‘ஓடிபியை யாரோடும் பகிர வேண்டாம்’ என்று மெசேஜின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அவ்வளவுதான் பாடம். ஏமாந்தவரைப் பார்த்துப் ‘படிக்காத சனம்’ என்று சொல்லுறவையோட எனக்கு உடன்பாடில்லை. அவை படிச்ச சனம்தான், வேற பாடம் படிச்சவை.

வேகமும் மாறிவிட்டது. 2015 இல் வந்த செஃப்ட்ஸ் முறையால் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குக் காசு உடனேயே போய்விடும். நல்ல வசதி. கள்ளனுக்கும் அதே வசதி. அவன் எடுத்த காசை அடுத்த கணக்குக்கு மாற்றி, அங்கிருந்து ஏடிஎம்மில் எடுக்கும்போது நீங்கள் இன்னும் மெசேஜை வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.

எங்கட வயசுக்காரருக்கு வேறொரு தூண்டில். ஒன்லைனில் டிசைன், மொழிபெயர்ப்பு என்று வேலை செய்யிற ஆக்களுக்குத் தெரியும், இலங்கையிலிருந்து பேபால் மூலம் காசு அனுப்பலாம், பெற முடியாது என்பது எத்தனை வருடத் தலையிடி என்று. அதனால் சிலர் வெளிநாட்டில் இருக்கும் மச்சான், சித்தப்பா பெயரில் கணக்கு வைத்திருப்பினம். ‘உங்கள் கணக்கு மட்டுப்படுத்தப்பட்டுள்ளது, 24 மணித்தியாலத்துக்குள் உறுதிப்படுத்துங்கள்’ என்று ஈமெயில் வந்தால் மற்ற நாட்டுக்காரன் யோசிப்பான். நாங்கள் யோசிக்க மாட்டம், ஏனென்றால் கணக்கு முடங்கும் என்ற பயம் எங்களுக்கு உண்மையிலேயே இருக்கு. கம்பனியிடம் நேராகக் கேட்கவும் ஏலாது. ‘தூண்டிற்காரனுக்கு மிதப்பிலே கண்’ என்பார்கள். மிதப்பு ஆடுவது எங்கள் பயத்தில்.

எழுத்துப் பிழையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்ற பழைய அறிவுரையும் இனிச் செல்லாது. ஆங்கிலப் பிழையைப் பிடிக்கிற அளவுக்கு எல்லாருக்கும் ஆங்கிலம் வராது. இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தமிழிலேயே ஒழுங்காக எழுதலாம். பார்க்க வேண்டியது முகவரியை. தபால் திணைக்களத்தின் பெயரில் ‘உங்கள் பார்சல் நிக்குது, சின்னத் தொகை கட்டுங்கோ’ என்று வந்த மெசேஜ்களை எடுங்கோ. உண்மையான தளத்தின் முகவரியில் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக இருப்பது ‘டொட் ஜிஓவி டொட் எல்கே’. போலியில் அந்த எழுத்துகள் நடுவில் எங்காவது இருக்கும், கடைசியில் வேறு ஏதோ இருக்கும். அந்தச் சாய்கோட்டுக்கு இடப்பக்கமாக, பின்னாலிருந்து முன்னுக்கு வாசித்துப் பழகினால் பாதிப் போலிகள் அங்கேயே தெரிந்துவிடும். மீதிக்கு, மெசேஜில் உள்ள லிங்கைத் தொடாமல் ஆப்பை நீங்களே திறந்து பாருங்கள்.

காசு போவது வன்னியில் வேற மாதிரி வலிக்கும். 1994 இல் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தில் நகையை அடகு வைத்த சனம் 2009 இல் நகையும் இல்லாமல், பலர் துண்டும் இல்லாமல் வெளியே வந்தது. கைப்பற்றிய நகைகளில் ஒரு பகுதியை இராணுவம் பொலிஸிடம் கையளித்ததே 2025 மே மாதத்தில்தான். ஒருக்காப் பூச்சியத்திலிருந்து சேர்த்தவரிடம் இன்னொருக்காச் சேர்க்கச் சொல்ல முடியாது. அதனால்தான் ஏமாந்த பிறகு வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருக்கினம். அந்த வெட்கத்தில் போகிற ஒரு இரவு கள்ளனுக்குக் காணும்.

பங்களாதேஷ் வங்கி பிலிப்பைன்ஸுக்குப் போன 81 மில்லியனில் 2016 முடிவதற்குள் திரும்பப் பெற்றது ஏறத்தாழ 15 மில்லியன்தான். அந்தக் காசு மணிலாவின் கசினோக்களுக்குள் போய்விட்டது. இங்கே கணக்கை முடக்க முதலில் வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு எடுக்க வேண்டும், ஏடிஎம் அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும். பிறகு இலங்கை சேர்ட்டின் 101. முறைப்பாட்டை 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் பொலிஸ் விசாரிக்கலாம். அதற்கு அந்த மெசேஜ் வேணும், வந்த நேரம் வேணும், காசு போன பரிமாற்ற இலக்கம் வேணும். ஆத்திரத்தில அதை மட்டும் அழிச்சுப்போடாதேங்கோ.