பழைய பிக்கப்பின் பவர் ஸ்டீயரிங்: பிறப்பும் பழுதும்

பவர் ஸ்டீயரிங் என்பது கையால் திருப்பும் ஸ்டீயரிங்கின் மேல் எண்ணெய் அழுத்தத்தைத் துணையாக ஏற்றி வைத்த ஏற்பாடு. எஞ்சின் நின்றுபோனாலும், பலம் கூடுதலாகச் செலவழித்தால் வண்டியைத் திருப்ப முடிவது அதனால்தான். 1950கள் முதல் 1970கள் வரை அமெரிக்காவில் தயாரான பிக்கப் வண்டிகளில் இந்த இரண்டு அடுக்குகளும் தெளிவாகப் பிரிந்து தெரியும். அவற்றில் பழுது தேடுபவர் இரண்டையும் தனித்தனியே சோதித்தாக வேண்டும்.

இதற்கு நடைமுறை வடிவம் தந்த பிரான்சிஸ் டபிள்யூ. டேவிஸ் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்தவர். கனரக லாரியைத் திருப்புவதற்கு எவ்வளவு உடல் வலு வேண்டும் என்பதை நேரில் அறிந்தவர். வேலையை விட்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் நகரில் ஒரு சிறு பட்டறையில் ஆய்வைத் தொடங்கினார். உயர் அழுத்தத்தில் எண்ணெயை எப்போதும் அடைத்து வைத்தால் கசிவை நிறுத்த முடியாது என்பது அன்றைய சிக்கல். டேவிஸ் எண்ணெயை ஓயாமல் சுற்றிவர விட்டார். சக்கரத்தைத் திருப்பும்போது மட்டும் வால்வு அதன் வழியைக் குறுக்கி அழுத்தத்தை எழுப்பியது. 1926இல் இந்த ஏற்பாடு பொருத்திய பியர்ஸ்-ஆரோ காரை அவர் ஓட்டிக் காட்டினார்.

ஜெனரல் மோட்டார்ஸ் ஆர்வம் காட்டியது. ஆனால் பொருளாதார மந்தக் காலத்தில், 1934இல், செலவு அதிகம் என்று திட்டத்தைக் கைவிட்டது. டேவிஸ் 1936இல் பெண்டிக்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். இரண்டாம் உலகப் போரில் கனமான கவச வாகனங்களுக்கு இந்தத் துணை தேவைப்பட்டது. போருக்குப் பின், டேவிஸின் காலாவதியான காப்புரிமைகளை அடிப்படையாகக் கொண்டு கிரைஸ்லர் 1951இல் இம்பீரியல் காரில் ‘ஹைட்ராகைடு’ என்ற பெயரில் பவர் ஸ்டீயரிங்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே கேடிலாக் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸும் அதை அளித்தது. மிச்சிகன் மாநிலம் சாகினாவில் இருந்த அதன் ஸ்டீயரிங் பிரிவின் பெயரே பின்னாளில் ஒருவகை ஸ்டீயரிங் பாக்ஸுக்குப் பெயராகிவிட்டது.

பிக்கப்புக்கு இந்த வசதி தாமதமாகவே வந்தது. அது பண்ணைக்கும் பட்டறைக்குமான வண்டி. பெரிய ஸ்டீயரிங் சக்கரமும் அதிகச் சுற்றுகளும் போதும் என்று கருதப்பட்டது. கனமான வி8 எஞ்சின், அகலமான டயர், நான்கு சக்கர இயக்கம் ஆகியவை முன் அச்சின் சுமையைக் கூட்டின. அதன் பிறகும் பவர் ஸ்டீயரிங் நெடுங்காலம் கூடுதல் விலைக்குத் தரப்படும் வசதியாகவே இருந்தது.

பிக்கப்புகளில் இரண்டு அமைப்புகள் பழகின. முதல் வகையில் ஸ்டீயரிங் பாக்ஸ் சாதாரணமானதே. இணைப்புத் தண்டில் ஒரு வால்வும், அதோடு சேர்ந்து தள்ளும் ஒரு எண்ணெய் சிலிண்டரும் வெளியே பொருத்தப்பட்டிருக்கும். 1960களின் நான்கு சக்கர இயக்க பிக்கப்புகள் பலவற்றில் இதைக் காணலாம். இரண்டாம் வகையில் வால்வும் பிஸ்டனும் பாக்ஸுக்குள்ளேயே அடங்கின. ஓட்டுநர் திருப்பும்போது உள்ளே ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி சற்றே முறுகும்; அந்த முறுக்கம் வால்வைத் திறந்து, எண்ணெயைப் பிஸ்டனின் ஒரு பக்கத்துக்கு அனுப்பும். சாகினா பாக்ஸ் இவ்வகையைச் சேர்ந்தது.

இரு வகைக்கும் பொதுவானது பெல்ட்டால் சுழலும் பம்ப். ஆகவே தேடலும் அங்கேயே தொடங்குகிறது. திருப்பும்போது கிறீச்சிட்டால் பெல்ட் வழுக்குகிறது. முனகல் கேட்டு, எண்ணெயில் நுரை தெரிந்தால் அளவு குறைந்திருக்கிறது அல்லது காற்று புகுந்திருக்கிறது. எந்த எண்ணெய் என்பதும் முக்கியம்: பல பழைய ஃபோர்டு வண்டிகளுக்கு ‘டைப் எஃப்’ ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெய் குறிக்கப்பட்டது, வேறு சிலவற்றுக்குத் தனி ஸ்டீயரிங் எண்ணெய். பிரேக் ஆயிலைத் தவறி ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெடும். காற்றை நீக்க, முன் சக்கரங்களைத் தூக்கி, எஞ்சினை இயக்காமல் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகப் பலமுறை திருப்பி, குறையும் எண்ணெயை நிரப்பிக்கொண்டே வர வேண்டும்.

பெல்ட்டும் எண்ணெயும் சரியாக இருந்தும் இரு பக்கமும் கனத்தால் அழுத்தத்தை அளக்க வேண்டும். பம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவே அளவியும் அடைப்பு வால்வும் பொருத்தி, வால்வைச் சில நொடிகள் மட்டும் மூடினால் பம்பின் முழு அழுத்தம் தெரியும்; அதற்கு மேல் மூடி வைத்தால் பம்பே கெடும். மூடியபோது குறிப்பிட்ட அழுத்தம் எழாவிட்டால் குறை பம்பில். மூடியபோது எழுந்து, திறந்தபின் சக்கரத்தைக் கோடிவரை திருப்பும்போது எழாவிட்டால், எண்ணெய் பாக்ஸுக்குள் கசிந்து வழிமாறுகிறது. ஒரு பக்கம் மட்டும் கனத்தால் வால்வையோ பிஸ்டன் சீலையோ பார்க்க வேண்டும். சக்கரங்கள் தூக்கிய நிலையில் எஞ்சினை இயக்கியதும் ஸ்டீயரிங் தானே ஒருபுறம் ஓடினால், வால்வு நடுநிலையில் இல்லை என்று பொருள். வெளி வால்வு கொண்ட வண்டிகளில் இது அடிக்கடி நேர்வது.

வண்டி சாலையில் அலைந்தால் பலரும் முதலில் பாக்ஸின் சரிசெய்யும் திருகை இறுக்குவார்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் நடுவில் பிடித்துக்கொள்ளும். திருப்பியபின் சக்கரம் தானாக நேருக்குத் திரும்பாது. ஆட்டம் பெரும்பாலும் வேறிடங்களில்தான்: டை ராட் முனைகள், பாக்ஸ் சட்டத்தில் பொருந்தும் போல்ட்டுகள், ஸ்டீயரிங் தண்டின் அடியிலுள்ள ரப்பர் வட்டு ஆகியவற்றில். ஸ்டீயரிங் கனப்பதற்கும் காரணம் வேறிடத்தில் இருக்கலாம். முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின், 1965இல் வந்த இரட்டை ஐ-பீம் முன் அச்சு கொண்ட ஃபோர்டு பிக்கப்புகளிலும் நீடித்தது. கிரீஸ் காய்ந்த கிங்பின் முழு அழுத்தம் இருந்தாலும் கனக்கும். இதை உறுதிசெய்ய, பாக்ஸிலிருந்து நீளும் பிட்மன் ஆர்மிலிருந்து இணைப்புத் தண்டைக் கழற்றி, சக்கரங்களைக் கையால் திருப்பிப் பார்க்கலாம். அப்போதும் கனத்தால் குறை எண்ணெய் அமைப்பில் இல்லை.

டேவிஸின் கண்டுபிடிப்பு ஓட்டுநரின் கைக்குத் துணையானது. அடியிலிருக்கும் இணைப்புகளின் தேய்மானத்தை அது மறைக்குமே தவிர, சரிசெய்யாது. அதனால் பம்பைக் கழற்றும் முன் பெல்ட், எண்ணெய், இணைப்புகள், கிங்பின் என்ற வரிசையில் பார்ப்பதே முறை.